எண்ணியதைச் சொல்லுங்கள், எழுதி அனுப்புங்கள்

(கொல்லிமலை, செம்மேட்டில் செவிலியர், சுகாதாரப் பணியாளர், மகளிர் குழுவினர் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அறுவை சிகிச்சையின்போது உடம்புக்குள் பஞ்சும் துணியும் தங்கிவிடாமல் தடுப்பது எப்படி? இதுதான் இன்று நான் பேச வந்த பொருள். ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள்? "வயித்துக்குள்ள பஞ்சை வெச்சுத் தைச்சுட்டாங்க" என்பார்கள். பேப்பரில் ஒரு நாள் வரும். டீக்கடையில் ஒரு வாரம் பேசுவார்கள். அந்த டாக்டருக்கு அக்கறையே இல்லை, அந்த நர்ஸ் போனில் பேசிக்கொண்டிருந்தாள் என்று பேச்சு முடிந்துவிடும்.

அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. பணிக்காலத்தின் பெரும்பகுதியை அறுவை அரங்கில் கழித்த செவிலி என்ற முறையில் சொல்கிறேன். பஞ்சை உள்ளே விட்டுவிட்டவர்களில் பெரும்பாலோர் அக்கறையோடு வேலை செய்கிறவர்கள்தான். வில்சன் என்ற மருத்துவர் 1884-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து இன்றுவரை உலகில் எந்த நாடும் இதிலிருந்து முழுமையாக மீண்டதில்லை. அக்கறையால் மட்டும் தீர்ந்துவிடும் காரியம் என்றால் எப்போதோ தீர்ந்திருக்க வேண்டாமா?

முதலில் பொருளைக் கண்ணால் பார்ப்போம். இதோ என் கையில் இருப்பதற்கு மாப் என்று பெயர். காஸ் துணியைப் பல மடிப்பாக மடித்துத் தைத்தது. ஒரு மூலையில் நாடா தொங்குகிறது. வயிற்றைத் திறந்ததும் இரத்தத்தை ஒற்றுவதற்கும், குடலை ஒதுக்கிப் பிடிப்பதற்கும் இதைத்தான் வைப்போம். இப்போது பார்த்தால் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கிறது. இதைப் போய் யாராவது மறப்பார்களா என்று தோன்றும். உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் ஆகட்டும். இரத்தத்தில் ஊறிச் சுருங்கி, பக்கத்தில் இருக்கும் குடலின் நிறத்துக்கே வந்துவிடும். கல்லீரலுக்குப் பின்னால் ஓர் இடுக்கு, இடுப்புக் குழியின் ஆழத்தில் ஓர் இடுக்கு. அங்கே போய் ஒதுங்கினால் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கும் எளிதில் தட்டுப்படாது.

இதன் ஓரத்தில் நீல நிறத்தில் ஓர் இழை ஓடுகிறது, பார்த்தீர்களா? அது பேரியம் சல்பேட் கலந்த இழை. எக்ஸ்ரே எடுத்தால் கோடாகத் தெரியும். சாதாரணப் பஞ்சும் துணியும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. ஆனால் நம் ஊரில் பல ஆபரேஷன் தியேட்டர்களில் இன்றும் என்ன நடக்கிறது? காஸ் துணி வெட்டாமல், முழு மடியாக வருகிறது. மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் நாங்களே உட்கார்ந்து வெட்டுவோம், மடிப்போம், கட்டுவோம், டிரம்மில் போட்டு ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். அந்தத் துணியில் அந்த இழை இருக்காது. ஒரு கட்டில் பத்து என்று நினைத்துக் கட்டியது சில நேரம் பதினொன்றாக இருக்கும். வெட்டிக் கட்டியவள் ஒருத்தி, மறுநாள் அதைப் பிரித்து எண்ணுகிறவள் வேறொருத்தி. அறுவை சிகிச்சை தொடங்கும் முன்பே கணக்கு இங்கே பிசகிவிடுகிறது. இழை உள்ள மாப்புக்குக் கொஞ்சம் கூடுதல் விலைதான். வயிற்றையோ மார்பையோ திறக்கும் எந்த அறுவை சிகிச்சைக்கும் அந்த இழை இல்லாத துணியை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

உள்ளே தங்கிய பஞ்சு என்ன செய்யும்? பஞ்சு கரையாது, செரிக்காது. சில பேருக்கு உடம்பு அதைச் சுற்றிச் சவ்வு கட்டி மூடிவிடும். மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கும். பிறகு ஒரு நாள் ஸ்கேனில் கட்டி என்று தெரியும். புற்றுநோயோ என்று குடும்பமே கலங்கிப் போகும். வேறு சில பேருக்குச் சில நாட்களிலேயே சீழ் பிடித்துக் காய்ச்சல் ஏறும். குடலை அரித்துக்கொண்டு உள்ளே போனதும் உண்டு.

1963-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு தாய் பிரசவத்துக்குச் சேர்ந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் கழித்துக் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன் பிறகு காய்ச்சல், வயிற்று வலி. வயிற்றை மறுபடி திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு துணி கிடந்தது. சுற்றிலும் சீழ். அந்த மாதம் 24-ஆம் தேதி அந்தத் தாய் இறந்துபோனாள். குழந்தைக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வழக்கு எங்கெங்கோ சென்று, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது எப்போது தெரியுமா? 1996 பிப்ரவரியில்! அந்தக் குழந்தை வளர்ந்து முப்பதைத் தாண்டிய பிறகு! துணியை வயிற்றுக்குள் விட்டதே அலட்சியத்துக்குச் சாட்சி, அதற்கு மேல் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கீழமை நீதிமன்றம் கொடுத்திருந்த இழப்பீடு 36,000 ரூபாய். அது மீண்டும் உறுதியானது.

இது பழைய கதை என்கிறீர்களா? பக்கத்தில் கேரளத்துக்கு வாருங்கள். 2022-இல் கோழிக்கோட்டில் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற கிடுக்கி எடுக்கப்பட்டது. அவருக்கு அதுவரை மூன்று சிசேரியன் ஆகியிருந்தது. கடைசியாக ஆனது 2017-இல். அந்தக் கருவி எந்த அறுவை சிகிச்சையில் உள்ளே போனது? அதைச் சொல்வதிலேயே ஆளுக்கு ஒரு பேச்சு, பெரிய சர்ச்சை. அந்தப் பெண் நியாயம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எண்ணி, எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று கைவசம் இருந்திருந்தால், அந்தச் சர்ச்சைக்கே இடம் இருந்திருக்காதே!

நீங்கள் கேட்கலாம்: "அம்மா, ஔரங்காபாத்துக்கும் கோழிக்கோட்டுக்கும் எங்கள் கொல்லிமலைக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் இருக்கிறது. இனி வருவதைத்தான் நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. பெருமைப்பட வேண்டிய செய்தி. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. 44.9 சதவீதம் சிசேரியன். கிட்டத்தட்டப் பாதி! ஆக, பஞ்சுக் கணக்கு என்பது எங்கோ பெரிய நகரத்து ஆஸ்பத்திரியின் கவலை மட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது. பிள்ளை பெறும் ஒவ்வொரு வீட்டையும் அது தொடுகிறது.

2003-இல் அமெரிக்காவில் அதுல் கவாண்டே என்ற அறுவை மருத்துவர், இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர், தம் சகாக்களோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பொருள் உள்ளே தங்கிப்போன 54 நோயாளிகளை எடுத்துப் பார்த்தார்கள். அவசர அறுவை சிகிச்சை என்றால் இந்த ஆபத்து ஒன்பது மடங்கு. ஒன்றைச் செய்யப் போய், திட்டம் மாறி வேறொன்றைச் செய்ய நேர்ந்தால் நான்கு மடங்கு. இப்போது சொல்லுங்கள், நம் மலையிலிருந்து கீழே இறங்குகிற பெண் எப்படி இறங்குகிறாள்? நாள் குறித்து, நிதானமாகவா இறங்குகிறாள்? மேலே முடியாது என்று ஆன பிறகு, பெரும்பாலும் அவசரமாக, பல நேரம் இரவில், 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையடியில் உள்ள காரவள்ளிக்கு இறங்குகிறாள். அங்கிருந்து நாமக்கல் அல்லது ராசிபுரம், நிலைமை மோசமானால் சேலம். ஆபத்து எங்கே அதிகமோ, அந்தக் கூட்டத்தில்தான் நம் பெண்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி போவோம். மேலே, மலையிலுள்ள ஒரு சுகாதார நிலையம். சுகப் பிரசவம்தான். ஆனால் உள்ளே கிழிந்திருக்கிறது, இரத்தம் நிற்கவில்லை. மருத்துவர் என்ன செய்வார்? காஸ் துணியை உருட்டிப் பிறப்புறுப்புக்குள் அழுத்தி வைத்து அடைப்பார். பேக் வைப்பது என்போம். உயிரைக் காக்கும் காரியம் அது. சரியான காரியம். ஒன்று போதவில்லை, இன்னொன்றும் வைக்கிறார். 108 வருகிறது. ஊர்தியில் ஏற்றி விடுகிறார்கள். கீழே போய்ச் சேர்ந்ததும் வேறு மருத்துவர், வேறு நர்ஸ், வேறு ஷிப்ட். அவர்கள் ஒரு பேக்கை எடுக்கிறார்கள், தையல் போடுகிறார்கள், இரத்தம் நிற்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. இன்னொன்று? உள்ளேயே இருக்கிறது! வைத்தது இரண்டு என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். எடுத்தவர்களுக்குத் தெரியாது. இதில் யாரைக் குற்றம் சொல்வது? எல்லோரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். கணக்கு மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது.

இது நம் மலைக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்துச் சோர்ந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் இத்தனை வசதி இருந்தும், பிரசவத்துக்குப் பின் பஞ்சு உள்ளே தங்கிப்போவது தொடர்கிறது. ஒருபோதும் நடக்கக் கூடாதவை என்று அந்த நாட்டு அரசு மருத்துவத் துறை ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இதுவும் உண்டு. 2019-இல் இதற்கென்றே தனி விசாரணை அறிக்கை வெளியிட்டார்கள்.

அப்படியானால், பஞ்சு உள்ளே தங்காமல் இருக்க எப்படி எண்ண வேண்டும்? சந்தையில் நெல்லோ சாமையோ அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளக்கிறவர் வாய்விட்டு "லாபம், ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே அளப்பார். வாங்குகிறவர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு நிற்பார். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு மூட்டையைக் கட்டினால் ஒப்புக்கொள்வாரா? தியேட்டரிலும் அப்படித்தான். ஒருவர் எண்ண, இன்னொருவர் பார்க்க, இருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கத்தி வைக்கும் முன் ஒரு முறை. இடையில் புதுக் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரு முறை. சிசேரியனில் கர்ப்பப்பையை மூடும் முன் ஒரு முறை, வயிற்றை மூடும் முன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது ஒரு முறை. நடுவில் நர்ஸ் மாறினால் அப்போதும் ஒரு முறை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் கணக்கு. பயன்படுத்திய மாப்பைக் குப்பை வாளியில் குவிக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். எந்த மாப்பையும் பாதியாக வெட்டக் கூடாது. நோயாளி வெளியே போகும்வரை குப்பைப் பை அறையைவிட்டுப் போகக் கூடாது.

இவ்வளவு செய்தால் போதுமா? 2008-இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஒரு கணக்கு வெளியிட்டது. 1,91,168 அறுவை சிகிச்சைகளில் 34 முறை பொருள் உள்ளே தங்கியிருந்தது. அவற்றில் 62 சதவீதத்தில், எண்ணிக்கை சரி என்றே எழுதப்பட்டிருந்தது! இதைக் கேட்டு எண்ணுவதே வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்து வைத்தோம், பத்து வந்தது என்று எழுதியது கண்ணால் பார்த்து எழுதியதா, வழக்கத்தால் எழுதியதா? கேள்வி அங்கேதான் இருக்கிறது. மூடும் முன் மருத்துவர் தாமே வயிற்றுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு இடுக்காகத் துழாவிப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் நிறுத்த வேண்டும், தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மேசையிலேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த நீல இழை.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் முதலில் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அந்தப் பட்டியலின் கடைசிப் பகுதியில், நோயாளி தியேட்டரைவிட்டுப் போகும் முன், நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வரி ஒன்று இருக்கிறது. கருவி, பஞ்சு, ஊசி எண்ணிக்கை முடிந்தது என்ற வரி. கவனியுங்கள், அதைச் சொல்ல வேண்டியவர் நர்ஸ்.

சகோதரிகளே, இங்கேதான் சிக்கல். இரவு மூன்று மணி. ஒரு மாப் குறைகிறது. எண்ணியவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பெண். எதிரே நிற்பவர் இருபது வருட அனுபவம் உள்ள மருத்துவர். அடுத்த கேஸ் வெளியே காத்திருக்கிறது. "சார், ஒண்ணு குறையுது" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வாய் வருமா? "மறுபடி எண்ணிப் பாரும்மா, எல்லாம் சரியாத்தான் இருக்கும்" என்ற பதிலைக் கேட்டு அடங்கிப் போவாளா? அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் 2013-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2005 முதல் 2012 வரை அவர்களிடம் வந்த இத்தகைய 772 சம்பவங்களில் 16 பேர் இறந்திருந்தார்கள். காரணங்களை அடுக்கியபோது, மேல் கீழ் என்ற படிநிலையையும் அதனால் வரும் அச்சத்தையும் அதில் சேர்த்தார்கள். பணக்கார நாட்டிலும் அச்சம் ஒரு காரணம்! மருத்துவர்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்தச் சின்னப் பெண் "நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்துங்கள். அவள் எண்ணியது தவறாகவே இருந்தாலும் கோபப்படாதீர்கள். ஒரு முறை கோபப்பட்டால் அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள்.

இந்த மலையில் நின்று இதைப் பேசும்போது எனக்கு இன்னொருவர் நினைவு வருகிறார். 1914-இல் இந்தக் கொல்லிமலையில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவெலின். மலை மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் கொண்டுவந்தவர்கள். தந்தை 1929-இல் கருநீர்க் காய்ச்சலில் மாண்டார். தாய் தள்ளாத வயதுவரை மலை மலையாக ஏறி இறங்கி, 1974-இல் மறைந்தார். அந்தக் குழந்தைதான் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர்.

அவர் என்ன கண்டார்? தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை. அந்த விரலில் உணர்ச்சி இல்லை. அதனால் சுட்டாலும் வெட்டினாலும் தெரிவதில்லை. தெரியாததால் புண் ஆறுவதில்லை. வலி என்பது உடம்பின் காவல்காரன் என்றார். அந்தக் காவல் போய்விட்டால், கண் அந்த வேலையைச் செய்ய வேண்டும். தினமும் கையையும் காலையும் உற்றுப் பாருங்கள் என்று நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். மேசையில் மயக்கத்தில் கிடக்கும் நம் பெண்ணுக்கும் அதே நிலைதான். உள்ளே என்ன வைத்தாலும் அவளுக்குத் தெரியாது. அவளுக்காகப் பார்க்க வேண்டியவர்கள் சுற்றி நிற்பவர்கள்.

ஆனால் மயக்கம் தெளிந்த பிறகு? அப்போது வலி திரும்பி வருகிறதே! காவல்காரன் கத்துகிறான், யார் கேட்கிறார்கள்? "சிசேரியன் ஆனா அப்படித்தான் வலிக்கும்" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. "தையல் வலிதான், சரியாப் போயிடும்" என்று மாத்திரை தருகிறார்கள். மலைப் பெண்ணுக்குப் பொறுத்துக்கொள்வது பழக்கம். மிளகு பறிக்கப் போய்விடுகிறாள், விறகு சுமக்கப் போய்விடுகிறாள். தாய்மார்களே, பொறுக்காதீர்கள்! பிரசவம் ஆகிப் பத்து நாள், பதினைந்து நாள் கழித்தும் துர்நாற்றத்தோடு வெள்ளையோ சீழோ போனால், காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், வயிற்றில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டால், வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாமியாரிடம் சொல்ல முடியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கே வருவார். செவிலியர்களே, குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தாயிடம் இந்த மூன்றையும் கேட்டு, ஆம் என்று ஒன்றுக்குச் சொன்னாலும் உள்ளே சோதித்துப் பார்க்க மருத்துவரிடம் அனுப்புங்கள். பிறப்புறுப்பில் தங்கிய பஞ்சைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. சந்தேகம் வர வேண்டும், அவ்வளவுதான்.

நோயாளியை மேலிருந்து கீழே அனுப்பும்போது தரும் ரெஃபரல் சீட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். இரத்த அழுத்தம், நாடி, கொடுத்த ஊசி எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. அதன் தலைப்பில், சிவப்பு மையில் ஒரு வரி வேண்டும்: "பேக் உள்ளே இருக்கிறது. எத்தனை. வைத்த நேரம். வைத்தவர் பெயர்." இல்லை என்றால் "பேக் இல்லை" என்றும் எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால் எழுத மறந்தார்களா, பேக்கே இல்லையா என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. பேக்கின் முனை வெளியே தெரியும்படி விடுங்கள். சில மருத்துவமனைகளில் பேக் வைத்த பெண்ணின் மணிக்கட்டில் தனிப் பட்டை கட்டுகிறார்கள். இங்கே பட்டை இல்லாவிட்டால் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதி ஒட்டுங்கள். 108 ஊர்தித் தம்பிமார்களே, நோயாளியை ஒப்படைக்கும்போது அந்த எண்ணை வாயாலும் சொல்லுங்கள். கூட வரும் கணவரிடமும் அம்மாவிடமும் மேலேயே சொல்லி அனுப்புங்கள்: "ரெண்டு துணி வெச்சிருக்கு, ரெண்டும் எடுத்தாங்களான்னு கேளுங்க." கேட்பதற்கு அவர்களுக்குப் படிப்புத் தேவையில்லை. கீழே எடுத்த பிறகு எத்தனை எடுத்தோம் என்பதை டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மேலே எழுதிய எண்ணும் கீழே எழுதிய எண்ணும் ஒன்றா என்று கிராம சுகாதார செவிலியர் பார்க்கட்டும்.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இருக்கும் சுகாதார நிலையங்களின் மருத்துவர்கள் மனம் வைத்தால், இன்று இரவு இறங்கும் ஊர்தியிலேயே அந்த வரி இறங்கும். மாதிரிச் சீட்டு ஒன்றை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இருக்கிறது. எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்று படித்துச் சொல்லுங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். முதலில் தாய்மார்கள் கேளுங்கள்.